தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

புதிதாக மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "கொலை வழக்கெல்லாம் பாத்திருப்பீங்களே சார், பயமா இருக்காதா?" கொலை வழக்கில் எனக்கென்ன பயம்? கூண்டில் நிற்பவன் சொல்வதைத் துரைக்குச் சொல்ல வேண்டும், துரை கேட்பதை அவனுக்குச் சொல்ல வேண்டும். முடிவெடுப்பது துரையின் தலைவலி. சாயங்காலம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் குளிக்கலாம்.

என்னைப் பயமுறுத்தியதெல்லாம் வேறு வகை. வழக்கை எடுத்துப் புரட்டிவிட்டு, "இதை வெளியே கூட்டிப்போய் நீயே பேசி முடி" என்று மாஜிஸ்திரேட் துரை கையை அசைப்பாரே, அந்த வழக்குகள். அதற்கு நீங்கள் இப்போது சமரசம் என்று நல்ல பெயர் வைத்திருக்கிறீர்கள். கிள்ளான் கோர்ட்டில் அந்தக் காலத்தில் நாங்கள் வைத்த பெயர் 'மரத்தடி'. கோர்ட்டுக்குப் பின்னால் பெரிய மழைமரம் ஒன்று இருந்தது. அதன் கீழே சத்தியப் பிரமாணம் கிடையாது, சட்டப் புத்தகம் கிடையாது, சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலிகூடக் கிடையாது. இரண்டு பக்கத்துக் கோபத்துக்கும் நடுவில் நாம் மட்டும் நிற்க வேண்டும். தப்பாகப் போனால் பழிபோட வேறு ஆளும் கிடையாது.

பெரும்பாலும் ஆட்டுக் குட்டி, வேலி, திருவிழாவில் விழுந்த அறை, நின்றுபோன நிச்சயதார்த்தம், இப்படித்தான் வரும். இரண்டு பேரையும் கத்தவிட்டு, தொண்டை வறண்டதும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தால் பாதி தீர்ந்துவிடும். அப்படித் தீராத ஒன்றைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த காலம் அது. வேலை போனவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலை மேரு என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து முனியன் என்பவனும் அவன் மனைவி பாக்கியமும் கோர்ட்டுக்கு வந்தார்கள். எதிர்த்தரப்பு காத்தாயி, ஐம்பதைத் தாண்டிய விதவை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற பெண்கள் விட்டுப்போகும் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் பார்த்துக்கொள்கிறவள். அவள் இடுப்பில் நாலு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்து, அவள் காதுத் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தான். வழக்கே அவன்தான்.

பையன் தன் பிள்ளை, காத்தாயி தர மறுக்கிறாள் என்பது முனியன் கொடுத்த புகார். கப்பல் நாளை மறுநாள். தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டை ஏற்கெனவே காலி செய்தாகிவிட்டது. இந்தக் கப்பலை விட்டால் முனியனுக்கும் பாக்கியத்துக்கும் வேலையும் இல்லை, தங்க இடமும் இல்லை. மாஜிஸ்திரேட் புகாரைப் படித்தார், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விசாரணைக்கு எடுத்தால் அடுத்த மாதம்தான் முடியும், அதுவரை குழந்தை இரண்டு பேரிடமும் இருக்கக் கூடாது, அனாதை இல்லத்துக்குப் போகும் என்றார். "நான் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் முடித்தால் சரி" என்று கையை அசைத்தார்.

மரத்தடியில் விஷயம் முழுவதும் வெளியே வந்தது. பாக்கியத்துக்கு இவனுக்கு முன் மூன்று பிள்ளைகள் பிறந்தன, மூன்றும் தங்கவில்லை. நாலாவதாக இவன் பிறந்ததும் நம் ஜனங்கள் செய்கிறதைச் செய்தார்கள். குழந்தையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டோரம் வைத்தார்கள். காத்தாயி ஒரு படி தவிடு கொடுத்து அவனை விலைக்கு வாங்கினாள். இது பாக்கியத்தின் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று எமன் கண்ணை மறைக்கிற ஏற்பாடு. பெயரும் தவிட்டான் என்றே வைத்தார்கள். வாங்கினவள் வழக்கமாக அன்றைக்கே பெற்றவளிடம் வளர்க்கக் கொடுத்துவிடுவாள், பேச்சுக்கு மட்டும் அவள் பிள்ளையாக இருக்கும். இங்கே பாக்கியம் காய்ச்சலில் படுத்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்ததால், பையன் காத்தாயியிடமே வளர்ந்துவிட்டான். அவளை அம்மா என்றும் பெற்றவளை அக்கா என்றும் கூப்பிட்டான். அதைத் திருத்த யாருக்கும் தைரியம் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்தத் தோட்டத்துக் கங்காணி தன் புத்திசாலித்தனத்தைக் காட்டியிருக்கிறார். கோயில் வாசலில் பஞ்சாயத்துக் கூட்டி, "வாங்கின தவிட்டைத் திருப்பிக் குடுத்துட்டுப் புள்ளயக் கூட்டிட்டுப் போ" என்று தீர்ப்புச் சொன்னார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. காத்தாயி உடனே வெறும் முறத்தைக் கொண்டுவந்து பாக்கியத்தின் முன்னால் வைத்து, "கொட்டு" என்றிருக்கிறாள். பாக்கியம் அலறிக்கொண்டு ஓடிவிட்டாள். தவிட்டைத் திருப்பினால் விற்றது இல்லை என்றாகிவிடும். விற்றது இல்லை என்றானால் பிள்ளை மறுபடி அவளுடையதாகிவிடும். அவளுடைய பிள்ளை என்றால் தங்காது. இத்தனையும் தெரிந்த கங்காணி, தெரிந்த வழக்கப்படியே ஒரு தீர்ப்பைச் சொல்லி, பேசித் தீர்க்க வேண்டியதைப் போலீஸ் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அந்தக் கங்காணி கோர்ட்டுக்கும் வந்திருந்தார், சாட்சி சொல்ல! தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "நானே தொரைகிட்ட சொல்றேன் ஐயா. இவ வித்தா, அவ வாங்கினா, நான் கண்ணால பாத்தேன்" என்றார். வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் முன்னால் குழந்தையை விற்றார்கள் வாங்கினார்கள் என்று ஒருவர் சாட்சி சொன்னால் என்ன ஆகும்? முறத்தையும் எமனையும் நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் இரண்டு பெண்களும் உள்ளே போயிருப்பார்கள். "கங்காணியாரே, நீங்க முக்கியமான சாட்சி. வெறும் வயித்தோட நிக்கக் கூடாது. பாசார்ல போய் நல்லாப் பசியாறிட்டு மெதுவா வாங்க" என்று என் செலவிலேயே அனுப்பிவைத்தேன்.

பிறகு ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டேன். முனியன் கொதித்தான். "வித்தது கிடக்கட்டும் ஐயா. எம் புள்ள. நான் தூக்கிட்டுப் போவேன். எவ தடுக்கிறான்னு பாக்குறேன்." பாக்கியம் மரத்தடியில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். "தவிட்டத் திருப்பிக் குடுக்கச் சொல்லாதீங்க சாமி. மூணு மண்ணுக்குப் போச்சு. அவன் காத்தாயி அக்கா பிள்ளையாவே இருக்கட்டும். ஆனா எங்கூட வரணும்." நான் தலையைச் சொறிந்தேன். அடுத்தவள் பிள்ளையாக இருக்க வேண்டும், ஆனால் தன்னோடு கப்பல் ஏற வேண்டும்! காத்தாயியிடம் போனேன். அவள் என் முகத்தையே பார்க்கவில்லை. "வேணும்னா தவிட்டக் கொட்டிட்டுக் கூட்டிட்டுப் போகட்டும்யா. நான் குறுக்க நிக்கல." பாக்கியம் கொட்டவே மாட்டாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது சுற்று போனேன், அதே பதில்கள். மூன்றாவது சுற்றில் முனியன் எழுந்து பையனின் கையைப் பிடித்து இழுக்க, பையன் கீச்சென்று கத்த, காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கிட்டே வந்தார். துரை எந்த நிமிஷமும் திரும்பிவிடுவார். அந்த நேரத்தில் மனசில் தோன்றுவது ஒன்றுதான், எதையாவது சொல்லி முடித்துவிடலாம் என்று. உங்களுக்கும் தோன்றும். தோன்றினால் வாயைத் திறக்காதீர்கள். நான் போலீஸ்காரரைப் போகச் சொல்லிவிட்டு, காத்தாயி பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"அம்மா, இவன் உன் பிள்ளைதான். அதுல சந்தேகமே இல்ல" என்றேன்.

முனியன் என்னை அடிக்க வந்துவிட்டான். எழுந்து, "உக்காருய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் மரத்துக் குருவியெல்லாம் பறந்தது. எனக்கே அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. காத்தாயி அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"கொட்டகையில எத்தன பிள்ளைங்களப் பாத்திருப்ப?"

"கணக்கு யாருக்குத் தெரியும்? விடியக்காலம் பிரட்டுக்குப் பேர் குடுக்கப் போறவளெல்லாம் விட்டுட்டுத்தான் போவா."

"விட்டுட்டுப் போனதால அதெல்லாம் உன் பிள்ளையாயிடுச்சா?"

"அதெப்படிங்க ஆகும்? பெத்தவ புள்ளதான். நான் பாத்துக்கிறவ."

"அப்ப நீ உன் பிள்ளைய பாக்கியத்துகிட்ட விட்டுவச்சா?"

பையன் அவள் மடியில் படுத்துச் சேலைத் தலைப்பை மென்றுகொண்டிருந்தான். அவள் இருமினாள். ஆயாக் கொட்டகையும் எப்போது மூடுமோ, மூடினால் இவனுக்குக் கஞ்சி எங்கிருந்து வரும் என்பதை நான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பையன் வாயிலிருந்து தலைப்பை எடுத்துவிட்டு, "என் பிள்ளைய அவகிட்ட விட்டுவைக்கிறேன். அவ பாத்துக்கிறவ" என்றாள். பாக்கியம் ஓடிவந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "ஆமாக்கா, நான் பாத்துக்கிறவதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தவிட்டைத் திருப்பவும் வேண்டாம், விற்றதும் விற்றதாகவே இருக்கும்.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று காத்தாயியைக் கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றாள். மறுபடி கேட்டேன். "ஒண்ணும் வேணாங்க. கப்பல் ஏத்துற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். நானே கொண்டாந்து விடுறேன்" என்றாள்.

முனியன் குதித்தான். "ஓடிருவா! இன்னிக்கே தூக்கிட்டு ஓடிருவா!" எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் இப்போதே பிடுங்கினால் பேசியதெல்லாம் அங்கேயே உடைந்துபோகும் என்றும் தோன்றியது. "வருவா. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். துரை திரும்பிவந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். அவர் புகாரைத் தள்ளிவைத்துவிட்டு, "பையன் கப்பலில் இல்லை என்றால் அந்தக் கிழவியைக் கேட்க மாட்டேன், உன்னைத்தான் கேட்பேன்" என்றார். கங்காணி பாசாரிலிருந்து வெற்றிலை மென்றபடி வந்துசேர்ந்தபோது வழக்கே இல்லை. அவருக்கு என்மேல் இருந்த கோபம் கடைசிவரை போகவில்லை.

எங்கள் தலைமைக் கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர். அளந்துதான் பேசுவார். அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே கேட்டார்.

"அந்தக் கிழவி பதிலுக்கு என்ன கேட்டவ?"

"ஒண்ணும் கேக்கல சார்."

"ஒண்டுமே?" என்று கையை நிறுத்தினார். "உது நல்லதில்லைத் தம்பி. கேக்கிற ஆளோட பேசலாம். ஒண்டும் கேளாமல் சம்மதிக்கிற ஆள், மனசுக்குள்ள தனியா வேற ஏதோ முடிவெடுத்திருக்கும்."

"அப்ப நான் என்ன சார் செய்யறது?"

"எனக்கென்ன தெரியும்? நீர்தானே வாக்குக் குடுத்தனீர்" என்று கை கழுவப் போய்விட்டார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அப்போது பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தேன், தினமும் ரயிலில் கிள்ளானுக்குப் போய்வருவேன். மறுநாள் ஸ்டேஷனில் நாலு வயதுப் பிள்ளையோடு நின்ற ஒவ்வொரு பெண்ணும் காத்தாயியாகவே தெரிந்தாள். ஒருத்தியின் முக்காட்டுக்குள் குனிந்து பார்த்து, அவள் புருஷனிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஓடிவிட்டால்கூடப் பரவாயில்லை, போலீஸ் பிடித்துவிடும். தோட்டத்துக் கிணறு நினைவுக்கு வந்தபோதுதான் நிஜமாகவே பயந்தேன். தனக்கென்று ஒன்றும் வேண்டாம் என்று சொல்பவளுக்கு இனி என்ன மிச்சம் இருக்கிறது? பையனையும் இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் அந்தப் பக்கம் போனால்? தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிக்கு ஆள் அனுப்பி விசாரித்தேன். அவள் கொட்டகையில்தான் இருக்கிறாள், பையனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள் என்று பதில் வந்தது. அதைக் கேட்டு ஆறுதல் வரவில்லை, பயம்தான் கூடியது.

கப்பல் நாளன்று விடுப்புச் சொல்லிவிட்டு நானே துறைமுகத்துக்குப் போனேன். கப்பல் ஆற்றின் நடுவில் நின்றது. ஜனங்களைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்கள். முனியன் பெட்டிமேல் உட்கார்ந்து என்னை முறைத்தான். பாக்கியம் சாலையையே பார்த்தபடி நின்றாள். ஒரு படகு போனது, இன்னொன்றும் போனது. "பொறுப்புன்னீங்களே ஐயா" என்றான் முனியன். நானும் சாலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

கடைசிப் படகுக்கு ஆள் கூப்பிடும்போது காத்தாயி வந்தாள். நடந்தே வந்திருக்க வேண்டும், கால் முழுக்கச் செம்மண். பையன் மட்டும் துளி அழுக்கில்லாமல், புதுத்துணியும் திருநீறுமாக இடுப்பில் இருந்தான். பாக்கியம் கையை நீட்டினாள். காத்தாயி பையனைக் கொடுக்கவில்லை. கீழே இறக்கி நிறுத்திவிட்டு, அவன் எதிரில் படகுத்துறைப் பலகைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பிடி பச்சரிசி இருந்தது.

"நான் சாகுறப்ப இவன் இங்க இருக்க மாட்டான்" என்றாள். குரலில் அழுகை இல்லை. "எனக்கு வாய்க்கரிசி போட வேற யாரு இருக்கா? இப்பவே போட்டுட்டுப் போகட்டும்."

பெட்டியைத் தூக்கப்போன முனியன் அப்படியே நின்றுவிட்டான். "ஐயோ அக்கா!" என்று பாக்கியம் காதைப் பொத்திக்கொண்டாள். "கடல் தாண்டிப் போற புள்ள கையில வாய்க்கரிசியா? உசுரோட இருக்கிறவளுக்கா? வேணாங்க்கா, வேணாம்!"

"இது பேசினதுல இல்லையே ஐயா" என்று முனியன் என்னிடம் திரும்பினான். படகுக்காரன் மலாயில் கத்தினான். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம், பேசியதில் இது இல்லை. கூடாது என்று நான் சொல்லியிருக்கலாம், காத்தாயி முடிச்சைக் கட்டிக்கொண்டு போயிருப்பாள். செய்யட்டும் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் வழியில் அந்தப் பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் பாக்கியம் செத்துச் செத்துப் பிழைப்பாள். என் வேலையில் நான் பேசாமல் நின்ற நேரங்கள் குறைவு, அதிலேயே பெரியது அது. இதை முடிவு செய்ய வேண்டியவன் நானில்லை என்று மட்டும் தெரிந்தது. பாக்கியத்தைப் பார்த்தேன்.

அவள் காதிலிருந்து கையை மெதுவாக எடுத்தாள். காத்தாயியைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது. மகன்தானே வாய்க்கரிசி போடுவான்? போட்டுவிட்டால் அவன் யாருடைய பிள்ளை என்று எமனுக்கும் இனிச் சந்தேகம் வராது. பாக்கியம் மண்டிபோட்டு, பையனின் கையைப் பிடித்து அந்த அரிசிமேல் வைத்தாள். "போடு சாமி" என்றாள். "உங்கம்மாவுக்குப் போடு."

காத்தாயி கண்ணை மூடி வாயைத் திறந்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்துப் பையன் சிரித்தான். ஒரு பிடி அள்ளினான், பாதி சிந்தியது, பாதியை அவள் வாயில் போட்டான். நன்றாகப் போடவில்லை என்று அவனுக்கே தோன்றியதோ என்னவோ, சிந்தியதையும் பொறுக்கிப் போட்டான். முனியன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

பிறகு முனியன் பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படகில் இறங்கினான், பாக்கியம் பின்னாலேயே போனாள். படகு நகர்ந்து தண்ணீர் இடைவெளி விழுந்ததும்தான், அம்மா ஏறவில்லை என்பது பையனுக்குப் புரிந்தது. தோளில் திமிறிக்கொண்டு "அம்மா! அம்மா!" என்று கத்தினான். காத்தாயி எழுந்து பலகையின் விளிம்புவரை போனாள். கையை மட்டும் ஆட்டினாள். வாய்க்கரிசி போட்ட பிறகு யாரும் பேசுவதில்லை. வாய் நிறைய அரிசியோடு, உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, அவன் கூப்பிட்டது கேட்காமல் போகும்வரை அங்கேயே நின்றாள்.